சவுக்கில் செய்த அம்பு வளைகிறது, இறகு உதிர்கிறது. பழைய இங்கிலீஷ் பாணி மர அம்புக்கு நம்ம பக்கத்து மரம் எது?

பாண்டி_வில்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் புதுச்சேரி. வில் மூங்கில் முதுகு வைத்த நீள்வில், 28 இஞ்ச் இழுவையில் 40 பவுண்டு. அம்பு வைக்கத் தனித் திட்டு கிடையாது, கை மேலேயே ஓடும். வலக்கையால் இழுக்கிறேன்.

இதற்கு இடைக்கால இங்கிலாந்து பாணியில் முழு மர அம்பு வேண்டும். பிளாஸ்டிக் எதுவும் கூடாது. தலைப்பக்கம் அரை இஞ்ச், வால்பக்கம் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 இஞ்ச், நீளம் 30 இஞ்ச் என்று அளவு எடுத்து, சவுக்குக் கழியில் 12 தண்டு இழைத்தாயிற்று. வந்த தொல்லைகள்:

காய்ந்ததும் 12-ல் 9 வாழைப்பழமாக வளைந்துவிட்டது. நேராக நின்ற மூன்றும் 20 மீட்டரில் இலக்குக்கு இடதுபுறமே போகிறது. விடும்போது வில்லில் 'டக்' என்று அடிக்கும் சத்தம் வேறு. ஒன்றில் நாண் மாட்ட வெட்டிய இடம் நெடுக்காகப் பிளந்துவிட்டது. வாத்து இறகை வெள்ளைப் பசையில் ஒட்டி நூல் சுற்றினேன். ஐப்பசி மழை தொடங்கியதும் ஓரம் கிளம்புகிறது.

அங்கே பாப்லர் மரத்தில் செய்தார்கள் என்று தெரியும். பாப்லர் என்றால் அகராதியில் நெட்டிலிங்கம் என்று போட்டிருக்கிறதே, சாலையோர நெட்டிலிங்கத்தையே அறுக்கலாமா?

ஓடி_தச்சு (கடலூர்)

முதல்ல அந்த நெட்டிலிங்கத்தை விடுங்க தம்பி. அகராதிக்காரர் உயரத்தைப் பார்த்துப் பெயர் வெச்சுட்டார், ரெண்டும் வேற வேற குடும்பம். நிஜ பாப்லர் பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசத்துல பிளைவுட்டுக்காக வளர்க்கிறாங்க, நம்ம கடற்கரையில கிடையாது.

சவுக்கு ஏன் வளையுதுன்னா, நம்ம பக்கம் மூணு நாலு வருஷத்துல வெட்டிடுவாங்க. கழி பூராவும் இளமரம், நடுவுல சோறு. இழை திருகித் திருகிப் போகும். வெளிவட்டம் ஒரு அளவு சுருங்கும், நடு வேற அளவு சுருங்கும். அந்த இழுபறியில கழி வளையாம என்ன செய்யும்? சாரத்துக்கும் பந்தலுக்கும் அருமையான மரம், அம்புக்கு இல்லை. கத்திச்சவுக்கும் இதே கதைதான், இன்னும் முடிச்சு அதிகம்.

மரவாடிக்குப் போனா மூணு கேளுங்க. குமிழ், மஞ்சக்கடம்பு, அப்புறம் வெளிநாட்டுப் பெட்டி உடைச்ச பைன் பலகை. குமிழ் லேசு, காய்ஞ்ச பிறகு அதிகம் அசையாது. மஞ்சக்கடம்பு கொஞ்சம் கனம், இழை மெல்லிசு, கடைசல் வேலைக்காரங்களுக்குப் பிடிச்ச மரம். ரெண்டுலயும் சில பலகையில இழை பின்னிக்கிட்டு இருக்கும். மேலே பார்த்து ஏமாறாதீங்க. பைன் பெட்டியில எச்.டி. முத்திரை இருந்தா சூடுபடுத்தினது, எடுக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா புகைமருந்து அடிச்சது, தொடாதீங்க.

மரத்தோட பேரைவிட இழைதான் முக்கியம். பலகை ஓரத்துல ஒரு சாண் துண்டு வெட்டி, கொடுவாளை வெச்சு சுத்தியால ஒரு தட்டு தட்டிப் பிளங்க. பிளவு நேர் கோடாப் போனா அந்தப் பலகை உங்களுக்கு. கயிறு முறுக்கின மாதிரி திரும்பினா, கடைக்காரர் என்ன புகழ்ந்தாலும் வேண்டாம். முடிஞ்சா தண்டுக் கட்டையையும் மில்லுல அறுக்காம இப்படிப் பிளந்தே எடுங்க. ரம்பம் இழையைக் குறுக்கே வெட்டும், பிளவு இழை கூடவே போகும். கழிவு பாதிக்குப் பாதி போகும்தான், ஆனா மிஞ்சினது அம்பாகும்.

பிளந்த கட்டையை 14 மி.மீ. சதுரத்துக்குக் கரடா இழைச்சு, பத்துப் பத்தா ஒரு நேரான இரும்புக் குழாயைச் சுத்தி நாடாவால இறுக்கிக் கட்டி, நிழல்ல காத்து ஓடுற உயரத்துல தொங்க விடுங்க. மொட்டை மாடி வெயில் கூடவே கூடாது, முனை வெடிச்சுரும். வாரம் ஒரு தடவை ஒரே கட்டையை எடுத்து எடை போடுங்க. ரெண்டு வாரம் கிராம் மாறலைன்னா காய்ஞ்சாச்சு. ஐப்பசி கார்த்திகையில ஆரம்பிச்சா இந்த எடை இறங்கவே இறங்காது, தையில ஆரம்பிங்க.

உருட்டுறதுக்கு இழைப்புளி போதும். ஒரு மீட்டர் ரீப்பர்ல 'வி' மாதிரி பள்ளம் எடுத்து, ஒரு முனையில ஆணி அடிச்சு முட்டு வெச்சுக்கோங்க. கட்டையை 12 மி.மீ. சதுரமாக்கி, ஒவ்வொரு மூலையிலிருந்தும் ரெண்டு பக்கமும் 3.5 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்க. அந்தக் கோடு வரைக்கும் மூலையைச் சீவினா எட்டுப்பட்டை சரியா வரும். எந்தச் சதுரத்துக்கும் பக்க அளவை 0.29-ஆல பெருக்கினா இந்தக் கணக்கு கிடைச்சுரும். எட்டைப் பதினாறாக்குங்க, அது கண் அளவுதான். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், 120, கடைசியில 220. கையில வெச்சுத் தேய்க்காம, அரைவட்டப் பள்ளம் எடுத்த கட்டையில தாளை ஒட்டி அதுல தேய்ச்சா உருண்டை கெடாது.

அப்புறம், நீங்க பாண்டியில உட்கார்ந்துக்கிட்டு இங்கிலீஷ்காரன் அம்பு கேக்குறீங்க. 1346 கிரெஸியிலயும் 1415 அஜின்கோர்ட்லயும் அந்த அம்புல அடி வாங்கினது யாருன்னு உங்க ஊர் பிரெஞ்சுத் தெருவுல சத்தமா சொல்லிடாதீங்க. இங்கிலீஷ்காரன் வெச்சிருந்த தேவனாம்பட்டினம் கோட்டைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குப் பரவாயில்லை.

கணைக்கணக்கு

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த அம்பு இடதுபுறம் போவதற்கும் மரம் வளைவதற்கும் சம்பந்தம் இல்லை. அது விறைப்புக் கணக்கு.

அம்பு வில்லின் நடுவிலிருந்து கிளம்புவதில்லை. வில்லின் பக்கவாட்டிலிருந்து கிளம்புகிறது. நாண் தள்ளும் நொடியில் தண்டு பாம்பு போல வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால் வளையாது, வில்லில் மோதி இடப்பக்கம் போகும் (வலக்கைக்காரருக்கு). குழைவாக இருந்தால் வலப்பக்கம். 'டக்' சத்தமும் இடது விலகலும் சேர்ந்து வந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

அரை இஞ்ச் அளவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1545-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் ஏறத்தாழ 3500 அம்புகள் கிடைத்தன, பெரும்பாலும் பாப்லர். அவை உங்கள் வில்லைப் போல மூன்று நான்கு மடங்கு பலமுள்ள போர் விற்களுக்கானவை. அந்த அளவை 40 பவுண்டு வில்லுக்கு எடுப்பது, மாட்டு வண்டி அச்சைச் சைக்கிளுக்குப் போடுவது மாதிரி.

எடையைப் போட்டுப் பார்க்கலாம். அரை இஞ்சிலிருந்து 3/8-க்கு ஒடுங்கும் 76 செ.மீ. தண்டின் கன அளவு சுமார் 74 கன செ.மீ. பாப்லரில் அது 33 கிராம் வரும். சவுக்கில் 60 கிராமைத் தாண்டும், இன்னும் இரும்பு முனை கணக்கில் வரவில்லை. உங்கள் வில்லுக்கு முனை, இறகு எல்லாம் சேர்த்து 26-லிருந்து 36 கிராம் வரை போதும். விறைப்பும் அப்படித்தான், சவுக்குத் தண்டு நூறு பவுண்டு ஸ்பைனை (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்) தாண்டி நிற்கும்.

ஸ்பைன் அளக்கக் கருவி வாங்க வேண்டாம். சுவரில் இரண்டு ஆணி, நடுவே சரியாக 66 செ.மீ. (26 இஞ்ச்). தண்டை மேலே வைத்து, நடுவில் 907 கிராம் எடை தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொக்கியும் சேர்த்துத் தராசில் 907 வரும் வரை தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. தண்டு நடுவில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். 18.9 இறங்கினால் 35 பவுண்டு, 16.5 என்றால் 40, 14.7 என்றால் 45, 13.2 என்றால் 50. இறக்கத்தை இஞ்சில் எடுத்து 26-ஐ அதால் வகுத்தால் வருவதுதான் இந்த எண்.

உங்களுக்கு எது? திட்டு இல்லாத பருமனான வில் என்பதால் 40-லிருந்து 5 குறையுங்கள். அம்பு 28-க்கு மேல் இரண்டு இஞ்ச் நீளம், இஞ்சுக்கு 5 வீதம் 10 கூட்டுங்கள். ஆக 45. முனை 8 கிராமுக்குள் இருந்தால் இது பொருந்தும். கனமான முனை போட்டால் தண்டு குழைவாக நடந்துகொள்ளும், அதற்கு ஏற்ப இன்னும் விறைப்பு வேண்டும்.

குமிழில் 45 வர ஏறத்தாழ 9.8 மி.மீ. பருமன் தேவைப்படும், பைனில் 9.2 பக்கம். பலகைக்குப் பலகை மாறும் என்பதால் 10.5-ல் நிறுத்தி அளந்துவிட்டு, மெதுவாக இறங்குங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விறைப்பு பருமனின் நான்காம் அடுக்கில் ஓடுகிறது. 9.5-ஐ 9 ஆக்கினால் அரை மி.மீ. போனதுபோலத்தான் தெரியும், ஆனால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உப்புத்தாள் நான்கு இழுப்பு கூடினால் 45 என்பது 40 ஆகிவிடும். போனது திரும்பாது.

வால் ஒடுக்கம் வேண்டுமானால் பின்பாதியில் மட்டும் 8 மி.மீ. வரை ஒடுக்குங்கள். பார்க்கப் பழைய அம்பு மாதிரியே இருக்கும், இறகும் கைமேல் உரசாமல் போகும்.

வில்லியனூர்_சிறகு

இறகு பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள்.

பாகூர்ப் பக்கம் வயலில் மேயும் வாத்தின் சிறகு சின்னது, மெல்லியது. நீள இறகு வேண்டுமென்றால் வான்கோழி, அல்லது வீட்டுக் காவலுக்கு வளர்க்கும் பெரிய வெள்ளை வாத்து. சிறகின் வெளி இறகுகளை மட்டும் எடுங்கள். வால் இறகு, மார்பு இறகு உதவாது. 1417-ல் ஐந்தாம் ஹென்றி மன்னர் வாத்துக்கு ஆறு இறகு வீதம் கொடுக்கச் சொல்லி ஆணை போட்டது இந்த வெளி இறகுக்காகத்தான். மயில் இறகு அம்பு அந்தக் காலத்தில் உண்டு, ஆனால் இங்கே மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பருந்து, கழுகு இறகு கீழே கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

ஒரே அம்பில் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். கலந்தால் ஒன்று இந்தப் பக்கம் திருப்பும், மற்றது அந்தப் பக்கம் திருப்பும், அம்பு சுழலாமல் ஆடும். கண்டுபிடிப்பது சுலபம். நடுக்காம்பில் பள்ளம் ஓடும் பக்கம் அடிப்பக்கம். அதை அந்தப்புறம் திருப்பி, நுனி மேலே இருக்கும்படி பிடியுங்கள். அகலமான மடல் உங்கள் வலப்புறம் வந்தால் வலச் சிறகு. இரண்டு டப்பாவில் பிரித்துப் போட்டுவிடுங்கள். சந்தேகமானதைத் தூக்கி எறியுங்கள், கொல்லையில் நிறைய உதிரும்.

காம்பை நடுவே பிளந்து, அகல மடல் பக்கத்தை மட்டும் வைத்து, அடிக்காம்பை 1 மி.மீ. தடிமனுக்கு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். தேய்க்காத காம்பு நெளிந்துகொண்டே இருக்கும், எந்தப் பசையும் பிடிக்காது. உங்கள் ஓரம் கிளம்பியதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி பசை. சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். மழைக்காலக் கடலோரக் காற்றே போதும்.

பழைய முறை என்றால் வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை. ஒரு பங்கு வஜ்ஜிரத்துக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, அடுத்த நாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து 60, 65 டிகிரியில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும், நாற்றமும் தாங்காது. ஆனால் வஜ்ஜிரமும் ஈரத்துக்குத் தாங்காதுதான். அதனால்தான் அவர்கள் பசையை மட்டும் நம்பவில்லை. பட்டு நூல் சுற்றி, மேலே மெழுகுப் பூச்சும் போட்டார்கள். அந்தப் பூச்சில் செம்புக் களிம்பும் கலந்திருந்தது, பூச்சியை விரட்ட. அந்தக் களிம்பு நஞ்சு. நீங்கள் தேன்மெழுகு மட்டும் போடுங்கள், பூச்சிக்கு அம்புப் பெட்டியில் நாலு பாச்சை உருண்டை போதும்.

நூல் சுற்றுவதைக் கிட்டத்தில் சொல்கிறேன். இறகின் முன் முனையில் 10 மி.மீ. தூரம் நூல் நூலோடு ஒட்டும்படி நெருக்கிச் சுற்றுங்கள். பிறகு அம்பை மெதுவாக உருட்டிக்கொண்டே 5 மி.மீ. இடைவெளியில் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நூல் இறகைச் சந்திக்கும் இடத்தில் ஊசி முனையால் மடலைப் பிரித்து, நூல் காம்பு வரை இறங்கியதும் விடுங்கள். விட்ட மடலை விரலால் முன்னிருந்து பின்னாக நீவினால் மூடிக்கொள்ளும். மூடாமல் 'வி' போலத் திறந்தே நின்றால் நூல் மடலை வெட்டிவிட்டது என்று அர்த்தம், அவிழ்த்து மறுபடி போடுங்கள். வாலிலிருந்து 25 மி.மீ. தள்ளி இறகு முடிய வேண்டும், இல்லையென்றால் விரல் இறகைப் பிடிக்கும். உங்கள் வில்லுக்கு 13 செ.மீ. நீளம் போதும், போர் அம்பு மாதிரி 18 வைத்தால் அழகு, ஆனால் 30 மீட்டர் தாண்டி வேகம் தளரும்.

பாண்டி_வில்

அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. பைன் பலகையும் குமிழும் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். நாண் வெட்டு பிளப்பதற்குக் கொம்பு வைப்பார்களாமே, எந்தத் திசையில்? கொல்லர் பட்டறையில் அடித்த குழல் முனையை எபாக்ஸி இல்லாமல் நிறுத்த முடியுமா? மூங்கிலில் செய்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா?

ஓடி_தச்சு (கடலூர்)

நாண் வெட்டுக்குப் பழைய தமிழ்ல குதைன்னு பேரு, அதையே சொல்லுவோம்.

நிறைய பேர் குதையும் கொம்பும் ஒரே திசையில வெச்சு ஏமாறுவாங்க. நாண் தள்ளும்போது குதையோட அடி ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். அந்தப் பிளவுக்குக் குறுக்கே கொம்பு நிக்கணும். முதல்ல கொம்புக்கு வால்பக்கத்துல 50 மி.மீ. ஆழம் மெல்லிய ஹேக்சா பிளேடால ஒரு கீறல். அதுல 1 மி.மீ. எருமைக் கொம்புத் தகடை வஜ்ஜிரத்துல ஒட்டி, நூலால இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்க. காய்ஞ்சதும் அரத்தால சமப்படுத்திட்டு, கொம்புக்கு 90 டிகிரியில குதை வெட்டுங்க. ரெண்டு ஹேக்சா பிளேடை டேப் சுத்தி ஒண்ணாக்கினா அகலம் பக்கத்துல வந்துரும், மீதியை அரத்தால 3 மி.மீ. ஆக்குங்க. ஆழம் 12. நாண் உக்கார்ற அடி கூர்மையா இல்லாம உருண்டையா இருக்கணும். இப்ப நாண் கொம்பு மேல உக்காரும், மரத்து மேல உக்காராது.

வளையம் தெரியுற பைன்ல இன்னொரு விஷயம். குதை வளையக் கோட்டுக்குக் குறுக்கே ஓடணும். கோட்டோட ஒட்டி வெட்டினா கொம்பு வெச்சாலும் ஒரு நாள் கிழியும். கொம்பு அறுக்கும்போது முகத்துல துணி கட்டிக்கோங்க, தூளும் நல்லதில்லை, நாத்தத்துல வீட்ல சாப்பாடு கிடைக்காது.

முனைக்கு எபாக்ஸி எதுக்கு, நம்ம துறைமுகத்துல படகுக்குப் போடுற குங்கிலியம் இருக்கே. தண்டு நுனியைக் குழலுக்குள்ள ஆடாம உக்கார்ற மாதிரி ஒடுக்குங்க. பசை இடைவெளியை நிரப்பத்தான், ஆட்டத்தைச் சரிபண்ண இல்லை. குங்கிலியம் மூணு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மணல் போட்ட சட்டிமேல கிண்ணம் வெச்சு இளந்தீயில, வீட்டுக்கு வெளியே உருக்குங்க. நேரா அடுப்புல வெச்சா தீப்பிடிச்சுரும், பிடிச்சா மூடி போடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. குழலைச் சூடு பண்ணி, உள்ளே ரெண்டு சொட்டு விட்டு, தண்டை முறுக்கிக்கிட்டே இறக்குங்க. மெழுகு குறைஞ்சா ஆறினப்புறம் கண்ணாடி மாதிரி வெடிக்கும், அதிகமானா சித்திரை வெயில்ல முனை கழண்டு இலக்குலயே தங்கிடும். முனையை ஆளிவிதை எண்ணெய் தடவி வைங்க, உப்புக் காத்து ஒரு வாரத்துல துரு ஏத்திரும்.

கணைக்கணக்கு

மூங்கில் பற்றி. நல்ல அம்பு ஆகும், கல்மூங்கில் இன்னும் நன்றாகவே ஆகும். ஆனால் கணு நேராக்க ஒவ்வொரு கணுவிலும் சூடு காட்டி அழுத்த வேண்டும், அதுவும் தலைவலிதான், வேறு வகைத் தலைவலி. இந்தியாவில் நாணல் வகைத் தண்டில் அம்பு செய்த மரபும் பழையது. சரம் என்ற சொல்லே வடமொழியில் நாணலையும் அம்பையும் சேர்த்தே குறிக்கும். நீங்கள் கேட்டது இங்கிலாந்து பாணி என்பதால் மரத்திலேயே நில்லுங்கள்.

ஒன்று யாரும் சொல்லவில்லை. மர அம்பு வில்லில் உடைந்தால் பிளந்த சிம்பு இடது கைக்குள் ஏறும். ஒவ்வொரு முறை விடுவதற்கு முன்பும் இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். 'இச்' என்று சின்னதாக ஒலித்தால் அந்த அம்பை முழங்காலில் வைத்து உடைத்துவிடுங்கள், 'பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்' என்ற ஆசையே வரக்கூடாது. இழைக்கோடு தண்டின் பக்கத்தில் கூர்மையாக வெளியேறும் இடம் இருந்தால், அந்தக் கூர் மேற்புறத்தில் முனையை நோக்கி இருக்கும்படி இறகு கட்டுங்கள். உடைந்தாலும் சிம்பு கையை நோக்கி வராது.

வில்லியனூர்_சிறகு

எண்ணெய் பேச்சு வந்ததால் ஒரு வரி. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள். தண்டுக்கு மூன்று மெல்லிய பூச்சு, பூச்சுக்கு நடுவே இரண்டு நாள். இறகு ஒட்டும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, அங்கே அரக்குப் பாலிஷ் ஒரு கை அடித்துக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். படுக்க வைத்து அடுக்காதீர்கள், மழைக்காலத்தில் அதுவே வளைத்துவிடும்; முனை கீழே வைத்து நிறுத்துங்கள்.

பாண்டி_வில்

பைன் பெட்டிப் பலகையில் எச்.டி. முத்திரை பார்த்து எடுத்தாயிற்று. பிளந்து பார்த்ததில் நாலில் ஒன்றுதான் நேராகப் போகிறது. அந்த ஒன்றில் எத்தனை தண்டு தேறும்?

ஓடி_தச்சு (கடலூர்)

15 செ.மீ. அகலம், ஒரு இஞ்ச் கனம்னா, பிளந்து எடுத்தா ஏழெட்டு கட்டை வரும். அதுல காய்ஞ்சு, உருட்டி, ஸ்பைன் 43-லிருந்து 47-க்குள்ள ஒத்துப்போறது நாலு வந்தா சந்தோஷப்படுங்க. மீதியையும் தூக்கிப் போடாதீங்க, பசை, நூல், குதை எல்லாம் அதுல பழகுங்க.